விரல் அறியும் பாரம்

பிள்ளைக்கு ஒரு பியானோ வாங்கிக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் ஒரு வீட்டில் எழுந்துவிட்டால், வீட்டாரின் பேச்சு முதலில் விலையைப் பற்றியும், பின்னர் அதனை வைக்கும் இடத்தைப் பற்றியும், அதற்கும் பின்னர் நிறத்தைப் பற்றியும் நடைபெறுவது வழக்கம். கட்டைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கட்டை என்று நாம் இங்கே குறிப்பது ஆர்மோனியக்காரர் குறிக்கும் அதே கட்டையைத்தான். விரல் படுகின்ற அந்தக் கறுப்பு வெள்ளைத் துண்டுகளுக்கு நம்மிடையே வழங்கும் பெயர் அது. 'நாலு கட்டைச் சுருதி', 'ஐந்து கட்டைச் சாரீரம்' என நாடகமேடை நமக்குத் தந்துசென்ற சொல்லாதலின், இக்கட்டுரையிலும் அதனையே கையாளுவோம்.

கட்டைகளைப் பற்றிச் சிந்தியாது வாங்கித் தவறியவர்களுள் நாமும் அடங்குவோம். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் நமது ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளைப் பியானோ வகுப்புக்கு விடுவதென்று தீர்மானமாயிற்று. வீட்டிலே பழகுவதற்கு ஒரு வாத்தியம் வேண்டும். தங்கையின் கணவர் நம்மையும் உடனழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றார். "மச்சான், உங்களுக்கு இதெல்லாம் விளங்கும், நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். நமக்கு விளங்கியதோ செவிக்கு இனியது எது என்பது மட்டுமே. அறுபத்தொரு கட்டைகள், நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், தானே தாளம் தட்டும் மேளம், மினுங்கும் வெளிச்சங்கள் ஆகிய அனைத்தும் கக்கத்தில் இடுக்கிச் செல்லத்தக்க ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்தன. பக்கத்தில் இருந்த மற்றொன்றோ எண்பத்தெட்டுக் கட்டைகளையன்றி வேறு அலங்காரம் ஏதும் இல்லாதது. விலை மட்டும் சில மடங்கு. "சிறு பிள்ளைக்கு இது போதும்" என்று முதலாவதைச் சுட்டிக் காட்டியவர் நாமே.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. பிள்ளை ஒரு நாளேனும் தவறாது பழகினாள். பரீட்சை தினத்தன்று மண்டபத்தில் இருந்தது தந்தி பூட்டிய பழைய பியானோ. நாம் கதவுக்கு வெளியே நின்று செவிகொடுத்துக் கேட்டோம். மெல்லென வாசிக்கவேண்டிய பகுதியிலே சில சுரங்கள் பிறக்கவே இல்லை. பாட்டின் நடுவே பல் விழுந்த வாய்போல இடைவெளிகள் தெரிந்தன. உரத்து எழவேண்டிய பகுதியோ உரத்து எழவில்லை. வெளியே வந்தவள், "மாமா, நான் அமத்தினனான், அது சத்தம் போடேல்லை" என்றாள். சித்தியடைந்துவிட்டாள் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் அன்று வீடு திரும்பும்வரை அவள் வேறொரு வார்த்தை பேசவில்லை. பிழை அவளுடையது அன்று, நம்முடையது என்பதை உணர்ந்துகொள்ள நமக்குச் சில மாதங்கள் பிடித்தன. அவ்வாறு உணர்ந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை மெல்ல அமத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒலியின் அளவு மாறுவதில்லை. ஒலியைப் பெருக்குவதும் சுருக்குவதும் துருத்தியை இயக்கும் கையின் வேலை. தேவாலயங்களில் உள்ள குழாய் ஓர்கனும் அவ்வகையதே. பியானோவுக்கு முன்னர் ஐரோப்பிய மாளிகைகளில் ஒலித்த ஆர்ப்சிகோட் என்ற வாத்தியத்திலே கட்டை அமரும்போது சிறு இறகுமுனை ஒன்று தந்தியைச் சுண்டும். அதிலும் விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவதில்லை. இக்குறையை நீக்கியவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், மெடிச்சிப் பிரபுக்களின் வாத்தியங்களைப் பராமரித்து வந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர். 1700ஆம் ஆண்டளவில் அவர் இறகுமுனையை அகற்றிவிட்டு ஒரு சிறு சுத்தியலை அங்கே வைத்தார். மெல்லத் தொட்டால் மென்மையாகவும் வன்மையாகத் தொட்டால் உரக்கவும் ஒலித்த அவ்வாத்தியத்துக்கு, 'மென்மை', 'வன்மை' எனப் பொருள்படும் இரு இத்தாலியச் சொற்களே பெயராயின. நாளடைவில் வன்மை உதிர்ந்துபோய் மென்மையைக் குறிக்கும் 'பியானோ' மட்டும் எஞ்சிற்று. அவர் கையாற் செய்த வாத்தியங்களில் மூன்று, நியூயோர்க்கிலும் ரோமாபுரியிலும் லைப்சிக் நகரிலும் உள்ள காட்சிச்சாலைகளில் இன்றும் பேணப்படுகின்றன.

சுத்தியல் தந்தியை எவ்வாறு சென்றடைகிறது? யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலாவைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆடுகாலில் ஊன்றிய துலாவின் ஒரு முனை தாழ மறுமுனை உயரும். பியானோக் கட்டையும் ஒரு துலாவே. விரல் படும் முனை வெளியே தெரிகிறது. பொறுதியும், சுத்தியலைத் தூக்கும் மறுமுனையும் பெட்டிக்குள் மறைந்திருக்கின்றன. நாம் கட்டையை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அமத்தினால், உள்ளே சுத்தியல் 45 மில்லிமீற்றர் அளவு பாய்கிறது. அதாவது நான்கைந்து மடங்கு தூரம். ஒரு கட்டையை ஓசையின்றி மெல்லத் தாழ்த்துவதற்கு வேண்டிய பாரம் பெரும்பாலும் 50 கிராம் அளவினது. சிறியதொரு கோழிமுட்டையை அதன் நுனியில் வைத்தாற் போதும். இடப்புறத்துத் தடித்த தந்திகளுக்குரிய சுத்தியல்கள் பெரியவை. வலப்புறம் செல்லச் செல்ல அவை சிறுத்துக்கொண்டே போகும். எனவே இடக்கை உணரும் பாரமும் வலக்கை உணரும் பாரமும் ஒன்றல்ல.

இனிக் கூறப்போவது இவ்விஷயத்தின் உயிர்நிலை. சுத்தியலை விரல் தந்திவரைக்கும் கொண்டுசென்று வைப்பதில்லை. தந்திக்கு ஓரிரு மில்லிமீற்றர் இருக்கும்போது ஒரு பொறி விடுபட்டுக்கொள்ள, சுத்தியல் எறியப்பட்ட கல்லைப் போலத் தானே சென்று மோதி உடனே மீள்கிறது. அப்படி விடுபடாவிட்டால் சுத்தியல் தந்தியோடு ஒட்டிநின்று, எழுந்த நாதத்தை அக்கணமே அடக்கிவிடும். ஆகவே வாசிப்பவன் ஆளக்கூடியது ஒன்றேயொன்று: சுத்தியல் என்ன வேகத்தில் எறியப்படவேண்டும் என்பது. மிக மெதுவாக அமத்தினால் எறிவேகம் போதாமல் சுத்தியல் பாதிவழியிலே திரும்பிவிடும், சத்தம் பிறக்காது. நம் மருமகளுக்கு நேர்ந்தது இதுவே.

அதே சுரத்தை விரைவாக மீண்டும் மீண்டும் தட்டுவதற்குக் கட்டை முற்றாக மேலெழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது முற்காலத்தில் ஒரு தொல்லையாயிருந்தது. 1821ஆம் ஆண்டிலே எரார் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுபொறி அதனைத் தீர்த்துவைத்தது. கட்டை பாதி எழுந்த நிலையிலேயே சுத்தியலை மறுபடியும் எறிய அது வழிசெய்தது. பெரிய கிராண்ட் பியானோக்களில் இன்றும் அந்த ஏற்பாடே சிற்சில திருத்தங்களுடன் இயங்குகிறது.

இப்பொழுது டிஜிட்டல் பியானோவுக்கு வருவோம். இதில் தந்தியும் இல்லை. தந்தியில் மோதும் சுத்தியலும் இல்லை. கட்டையின் கீழே இரண்டு உணரிகள் உண்டு. கட்டை தாழும்போது முதலாவதையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துத் தொடுகிறது. அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவானால் வேகம் அதிகம். உரத்த ஒலியைத் தருகிறது. நேரம் நீண்டால் மென்மையான ஒலியைத் தருகிறது. அந்த ஒலியோ முன்னரே உண்மையான பியானோ ஒன்றிலிருந்து பதிவு செய்யப்பட்டது, அல்லது கணித முறையால் ஆக்கப்பட்டது. 1983இல் நடைமுறைக்கு வந்த 'மிடி' என்ற பொது விதிப்படி, இவ்வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. ஒரு கலைஞனின் விரல் நுனியில் இருந்த உணர்ச்சி முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறதா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, தந்திப் பியானோவிலும் சுத்தியலின் வேகமே பெரும்பகுதி என்பதே. உயர்ந்த வகைகளில் மூன்றாவது உணரி ஒன்றும் சேர்க்கப்படுகிறது. எரார் செய்த உபகாரத்தை இலத்திரனியலில் செய்வது அதுவே. யமாஹா நிறுவனத்தாரின் ஜி.எச்.எஸ். என்ற ஆரம்ப அமைப்பில் உணரிகள் இரண்டு, ஜி.எச்.3 என்பதில் மூன்று.

வேகத்தை அளப்பது ஒரு பாதிதான். மற்றப் பாதி, அவ்வேகத்தைப் பிறப்பிக்க விரல் எதனை எதிர்த்து உழைக்கிறது என்பதாகும். விலைகள் வேறுபடுவதும் பெற்றோர் ஏமாறுவதும் இவ்விடத்திலேதான்.

நாம் முதலில் வாங்கிய இலேசான பெட்டியில் கட்டையை மேலே தள்ளுவது ஸ்பிரிங் எனப்படும் வில். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் ஹூக்கின் விதியை நினைவிற் கொள்க. வில்லை எவ்வளவு தூரம் அமத்துகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும். தொடக்கத்தில் இலேசாகவும் அடியை அண்மிக்கும்போது இறுக்கமாகவும் இருக்கும். எவ்வளவு வேகமாக அமத்துகிறோம் என்பதைப் பற்றி அதற்குப் பெரும்பாலும் கவலை இல்லை. சுத்தியலோ பாரமுடைய ஒரு பொருள். பாரமுடைய பொருள் தன் சடத்துவத்தினால் ஆர்முடுகலை எதிர்க்கிறது. மெல்ல அசைத்தால் இணங்கிப் போகும். சடுதியாக அசைக்க முயன்றால் தடுத்து நிற்கும். 50 கிராமுக்கு மெல்லத் தாழும் அதே கட்டை, உரத்து வாசிக்கும்போது அதனிலும் பலமடங்கு விசையைக் கேட்பது இதனாலேயே. வில்லோடு மூன்றாண்டு பழகிய விரல், தூரத்தைக் கற்றிருக்கும், வேகத்தைக் கற்றிராது.

வில்லையும் சிறிதளவு பாரத்தையும் கலந்து 'அரைப் பாரம்' என்று விற்பனைசெய்யும் வகை ஒன்றும் இடையே உண்டு. அதனைக் கடந்து, ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் உண்மையாகவே ஒரு சிறு பாரம் சுத்தியலைப் போல ஏறியிறங்குமாறு அமைத்த வகையே பியானோ பயில்வோர்க்கு உரியது. இவற்றுள்ளும் இடப்புறம் கனத்தும் வலப்புறம் இலேசாகவும் படிப்படியாக அமைந்தவை சிறப்புடையன. ரோலண்ட் நிறுவனத்தார் பி.எச்.ஏ.-4 என்ற அமைப்பிலே, விடுபொறி விலகும்போது விரலில் தட்டுப்படும் அந்தச் சிறு நெருடலைக்கூடப் போலியாகச் செய்து வைத்திருக்கின்றனர். கவாய் நிறுவனத்தார் தம் உயர்ந்த வகைகளில் கட்டைகளை மரத்தினாலேயே ஆக்குகின்றனர். யமாஹா, கவாய், ரோலண்ட் ஆகிய மூன்றுக்கும் யப்பானின் ஹமமற்சு என்ற ஒரே நகரம் தலைமையிடமாயிருப்பது ஒரு வியப்பு. 2009இல் யமாஹா வெளியிட்ட அவன்ற்கிராண்ட் என்ற வாத்தியத்திலே கிராண்ட் பியானோவின் உண்மையான கட்டைப்பொறி முழுவதும் அப்படியே இருக்கிறது. தந்தி மட்டும் இல்லை. அதன் விலையைப் பற்றி இங்கே எழுதி வாசகர்களின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க நாம் விரும்பவில்லை.

கீபோர்ட் கன்ட்ரோலர் என்பது வேறு இனம். அதற்குச் சொந்தக் குரல் இல்லை. அமத்திய கட்டையையும் வேகத்தையும் எண்களாகக் கணினிக்கு அனுப்புவதோடு அதன் கடமை முடிகிறது, பாடுவது கணினி. இசையமைப்போர் மேசைமீது காணப்படுவது இதுவே. மேளத்தையும் வயலின்களையும் ஓர்கனையும் இதன் வழியே வாசிப்பவர்களுக்குப் பாரமான கட்டை ஓர் இடையூறு. ஓர்கன் வாசிப்பில் கையை வழுக்கிச் செல்லவும், மேளத்தில் விரைந்து தட்டவும் இலேசான கட்டையே உகந்தது. பியானோக்காரர்களுக்காக எண்பத்தெட்டுப் பாரக்கட்டைகளுடன் கூடிய கன்ட்ரோலர்களும் உண்டு. வெவ்வேறு பெயர்களுடன் விற்கப்படும் இவற்றுட் பலவற்றின் கட்டைப் பலகை, இத்தாலியில் ரெக்கனாட்டி என்ற சிற்றூரிலுள்ள பாத்தார் என்ற ஒரே நிறுவனத்தாரால் செய்யப்படுவது பலர் அறியாத செய்தி. மகாகவி லெயோபார்டி பிறந்த ஊரும் அதுவே.

நம் சங்கீதத்தையும் இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. கீபோர்டில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற சத்தியநாராயணன் போன்றோர், ஒரு கை கட்டையில் நிற்க, மறுகையால் சுருதியை வளைக்கும் சில்லை உருட்டிக் கமகங்களைப் பிறப்பிக்கின்றனர். தந்திப் பியானோவிலே அச்சில்லு இல்லை. எனவே தேவாரமும் கீர்த்தனையும் வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு இலேசான கீபோர்டை வாங்கிக் கொடுத்த தகப்பனார் தவறு செய்துவிட்டார் என்று நாம் கூறமாட்டோம். நாம் செய்த தவறு, பியானோ பயிலப்போகும் பிள்ளைக்கு அதனை வாங்கியது.

இவ்வாறு கூறக் கேட்டு, எவ்வளவு பாரமோ அவ்வளவு நல்லது என்று முடிவுகட்டிவிடுவோரும் உளர். அதுவும் பிழையே. பியானோக்கள் யாவும் ஒரே பாரமுடையனவாக என்றைக்கும் இருந்ததில்லை. 1777ஆம் ஆண்டு மொஸாட் தன் தந்தையாருக்கு எழுதிய கடிதமொன்றில் மெச்சிய ஸ்ரைன் என்பவரது பியானோக்கள் மிக இலேசான, ஆழங்குறைந்த கட்டைகளை உடையவை. வியன்னா நகரத்துப் பாணி அதிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்திலோ கனத்த, ஆழமான கட்டைகள் விரும்பப்பட்டன. 1817இல் இலண்டன் புரோட்வூட் நிறுவனத்தார் பேதோவனுக்கு ஒரு பியானோவை அன்பளிப்பாக அனுப்பியபோது, வியன்னாவில் இருந்த அவருக்குக் கிடைத்தது முற்றிலும் வேறான ஒரு பாரம். அண்மைக் காலத்தில் கனடா நாட்டுக் கிளென் கூல்ட், இலேசாக இயங்குமாறு திருத்தியமைத்த ஒரேயொரு ஸ்ரைன்வே பியானோவைப் பல ஆண்டுகள் கட்டியணைத்து வைத்திருந்தார். 1971இல் அது ஏற்றியிறக்கும்போது விழுந்து சேதமுற்றது. எனவே இன்று மலிவான சில டிஜிட்டல் பியானோக்களில் காணப்படும் அளவிறந்த கனம் ஒரு மேன்மை அன்று. பிஞ்சு விரல்களையும் மணிக்கட்டையும் வீணே களைக்கச் செய்வது அது.

கடையிலே பரிசோதிக்க விரும்புவோர் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்க. விற்பனையாளர் வியப்பார், பரவாயில்லை. ஒலி ஓய்ந்தபின் விரல் மட்டும் பேசும். ஒரு கட்டையை மிக மெதுவாகத் தாழ்த்திப் பார்க்கவேண்டும். அடியில் தட்டும்போது மரத்தில் மெத்தை பட்டாற்போல அடங்குகிறதா, வெற்றுத் தகரம்போல அடிக்கிறதா என்பது தெரியும். பிறகு அதே கட்டையை, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே மிக உட்புறத்தில் அமத்த வேண்டும். துலாவின் பொறுதிக்கு அண்மையில் நின்று மிதிப்பவனுக்குப் பாடு அதிகம் அல்லவா? பெட்டி குறுகியதாயின் கட்டையின் பொறுதியும் அருகே வந்துவிடும். உட்புறத்தில் விரல் திணறும். முன்விளிம்பை மட்டும் தட்டிப்பார்த்துத் திரும்புவோர் இதனை அறியார். அதன்பின் மின்சாரத்தைப் போட்டு, எவ்வளவு மென்மையாக வாசிக்க முடிகிறது என்று பார்ப்பது நன்று. உரத்து வாசிக்க எல்லாக் கருவிகளும் விடும்.

'தொடுகை உணர்வுடையது' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் 'பாரமுடையது' என்று பொருள்கொள்ளலாகாது. வேகத்தை அளக்கும் உணரி உண்டு என்பதற்குமேல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை. 'தொடுகையை இலேசாகவும் கனமாகவும் மாற்றலாம்' என்பதும் அவ்வாறே. ஒரே வேகத்துக்கு எவ்வளவு ஒலி எழவேண்டும் என்ற கணக்கை அது மாற்றுமேயன்றிக் கட்டையின் பாரத்தில் ஒரு கிராமையும் மாற்றாது. வாத்தியத்தைத் தூக்கிப் பார்ப்பதும் ஓர் எளிய சோதனை. எண்பத்தெட்டுப் பாரக்கட்டைகளையுடைய யமாஹா பி-45 ஏறத்தாழ 11.5 கிலோகிராம் நிறை. கக்கத்தில் இடுக்கத்தக்க பெட்டிக்குள் சுத்தியல்கள் இருக்க இடமில்லை.

தந்திப் பியானோவையே வாங்கிவிடலாமே என்பாருக்குக் கொழும்புக் கடற்காற்று விடைசொல்லும். தந்தி துருவேறும், ஈரத்தில் கம்பளி பொதுமிக் கட்டைகள் இறுகும், கறையானும் உண்டு. சுருதி கூட்டுபவரை அடிக்கடி அழைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான கிலோகிராம் நிறையுள்ளதை மாடிக்கு ஏற்றுவது ஒருபுறமிருக்க, அயல்வீட்டாரின் பொறுமையும் கணக்கில் எடுக்கப்படவேண்டியது. ஆதலின் நம்மவர் பலருக்கு டிஜிட்டல் பியானோவே தக்கது. பரீட்சையைப் பொறுத்தவரை, இலண்டன் திரினிற்றிக் கல்லூரியார் இலத்திரனியல் கீபோர்டுக்கெனத் தனிப் பாடத்திட்டமே வைத்திருக்கின்றனர். பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் பயில்கிறாள் என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே கடைப்படியை மிதிக்கவேண்டும். நாம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு தங்கையும் கணவரும் மிச்சம்பிடித்து, படிப்படியான பாரமுடைய எண்பத்தெட்டுக் கட்டைப் பியானோ ஒன்றை வாங்கினர். இம்முறை மருமகளையே வாசித்துப் பார்க்கவிட்டு நாம் வாய்திறவாமல் நின்றோம். முதல் இரண்டு வாரங்கள் விரல் நோகிறதென்று முறையிட்டாள். ஆசிரியையின் சொற்படி நாளுக்கு இருபது நிமிடமே வாசித்தாள். பழைய பெட்டி தம்பியின் கைக்குப் போயிற்று. அவன் சில்லை உருட்டிக் கோயிற் பசனைப் பாட்டுகளை வாசிக்கிறான். அவனுக்கு அது மிகப் பொருத்தம்.

அண்மையில் ஓரிரவு அங்கே சென்றிருந்தோம். மருமகள் காதிலே ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு பழகிக்கொண்டிருந்தாள். நமக்குக் கேட்டது இசை அன்று. கட்டைகள் அடியில் தொடும் 'தொக், தொக்' என்ற ஓசை மட்டுமே. தங்கை குசினியில் நின்றபடியே சற்றுச் செவிசாய்த்து, "அண்ணை, இப்ப மெல்லமா வாசிக்கிற இடம் வந்திட்டுது" என்றாள். நாமும் உற்றுக் கேட்டோம். அந்த ஓசை தணிந்திருந்தது. ஆனால் ஓரிடத்திலேனும் விட்டுப்போகவில்லை.